துடிப்பைக் காக்கும் கைகள்: அன்றும் இன்றும்

ஒரு மனிதரின் இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து பார்க்க ஐந்து பேர் வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 1900களின் தொடக்கத்தில் வில்லெம் ஐன்தோவன் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. அதன் மின்காந்தங்கள் சூடேறாமலிருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் விட்டபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஈ.சி.ஜி. பிறந்தது அப்படித்தான். அதற்காக ஐன்தோவனுக்கு 1924ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தில் விரலை வைத்தால் அரை நிமிடத்தில் ஒரு கோடு வந்துவிடுகிறது. கருவி இத்தனை சிறுத்த பிறகு ஆட்களின் தேவையும் குறைந்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே பயின்ற மருத்துவர், டெக்னீஷியன், செவிலியர், மருந்தாளுநர் என்று புதுப்புது ஆட்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கருவியைப் பணம் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதைக் கையாளும் மனிதரை உருவாக்க ஆண்டுகள் ஆகும். இந்தத் துறையின் நூற்றாண்டுக் கதையில் எனக்கு முதன்மையாகப் படுவது இந்த இடைவெளிதான்.

பார்க்க முடிந்தது, தடுக்க முடியவில்லை

நல்ல இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதன் மேல் அறையில் உள்ள சிறு திசுக்கூட்டம் ஒன்றிலிருந்து மின் தூண்டல் புறப்பட்டு, குறிப்பிட்ட பாதை வழியே கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. அந்தப் பாதை அடைபட்டால் துடிப்பு மெதுவாகும். பாதையில் குறுக்கு வழி ஒன்று இருந்தால் துடிப்பு திடீரென்று நிமிடத்துக்கு இருநூறைத் தொடும். மேல் அறைகள் ஒழுங்கின்றி நடுங்கினால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். உலகில் மிகப் பரவலான துடிப்புக் கோளாறுகளில் ஒன்று இது. 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 6 கோடிப் பேருக்கு இது இருந்தது. நடுங்கும் அறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு.

1950கள் வரை மருத்துவர்களால் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க மட்டுமே முடிந்தது. மின்பாதை முழுதாக அடைபட்டவர்கள் நின்ற இடத்தில் மயங்கி விழுவார்கள், எழுவார்கள், மறுபடி விழுவார்கள். அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். கையில் ஈ.சி.ஜி. இருந்தது. கோளாறின் பெயரும் தெரிந்திருந்தது. அதற்கு மேல் செய்வதற்குச் சில மருந்துகள் மட்டுமே இருந்தன.

1958 அக்டோபர் 8ஆம் தேதி சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் அந்த நிலை உடைந்தது. ஆர்னே லார்சன் என்பவர் ஒரு நாளில் இருபது, முப்பது முறை மயங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ்-மாரி மருத்துவர்களை விடாமல் வற்புறுத்தினார். அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், உலகில் முதன்முறையாக உடலுக்குள் முழுதும் பதிக்கும் பேஸ்மேக்கரை லார்சனுக்குப் பொருத்தினார். அதைச் செய்து கொடுத்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். மருத்துவம் படித்துவிட்டுக் கருவி வடிவமைப்புக்குப் போனவர் அவர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பிசின் ஊற்றி வார்த்த கருவி அது. சில மணி நேரத்தில் நின்றுபோனது. ஆனால் லார்சன் நிற்கவில்லை. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களோடு வாழ்ந்து, 2001ஆம் ஆண்டு 86ஆவது வயதில் காலமானார். சென்னிங், எல்ம்க்விஸ்ட் இருவரும் மறைந்த பிறகும் அவர் உயிரோடிருந்தார்.

லார்சனின் கதையை வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். ஆள் கணக்கோடும் அதைப் பார்க்க வேண்டும். கருவியைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதற்குப் பின்னே 43 ஆண்டுகள் அவருடைய பேட்டரியைச் சோதிக்கவும், கம்பியைப் பார்க்கவும், அளவுகளைத் திருத்தவும், காய்ச்சல் வந்தால் தொற்றா என்று கவனிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தார்கள். காப்பாற்றப்பட்ட ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுதும் மருத்துவமனைக்கு வந்துபோகிறவராகிறார். வெற்றி பெருகப் பெருக வேலையும் பெருகும். திட்டமிட்டவர்கள் பல நாடுகளில் இதை மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

மார்பைத் திறந்தது போய், தொடை வழியாக

வேகத் துடிப்புகளின் கதை இன்னும் தாமதமாகத் தொடங்கியது. பிறவியிலேயே இதயத்தில் குறுக்குப் பாதை உள்ளவர்களுக்கு அதை வெட்டிவிட்டால் குணமாகும் என்பதை 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் வில் சீலி நிரூபித்தார். ஆனால் அதற்கு மார்பைத் திறக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் கத்தீட்டர் எனும் மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தி, மின்னதிர்வால் மேல், கீழ் அறைகளுக்கிடையேயான மின் இணைப்பைச் செயலிழக்கச் செய்தார். சில ஆண்டுகளில் மின்னதிர்வின் இடத்தை ரேடியோ அலைச் சூடு பிடித்தது. 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 45 பேரை ஆராய்ந்தது. நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் அந்தக் கலகம் கிளம்புகிறது என்று கண்டுபிடித்தது. கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும் ஒரு நோய்க்குக் கத்தீட்டர் சிகிச்சை சாத்தியம் என்று ஆனது அன்றிலிருந்துதான்.

தொடக்கத்தில் இதய மருத்துவர்களுக்குள் ஒரு சிறு கூட்டமாக இருந்தவர்கள், இந்த முப்பது ஆண்டுகளில் தனித் துறையானார்கள். அமெரிக்காவில் இதய மின்னியக்கத்துக்கென்று தனிச் சான்றுத் தேர்வு முதன்முதலாக 1992இல் நடந்தது. எலக்ட்ரோபிசியாலஜிஸ்ட், சுருக்கமாக இ.பி. மருத்துவர், என்ற பெயரும் நிலைத்தது.

இந்த மருத்துவர் எளிதில் உருவாகிறவர் அல்லர். நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, இதயவியலில் டி.எம். மூன்று ஆண்டு. அதற்குப் பிறகு துடிப்புக் கோளாறுகளுக்கான ஃபெலோஷிப் ஓரிரு ஆண்டு. நடுவில் நுழைவுத் தேர்வுகளுக்குப் போகும் காலம் தனி. பிளஸ் டூ முடித்த பிள்ளை இந்த இடத்துக்கு வரும்போது முப்பது வயதைத் தாண்டியிருக்கும். இப்படிப் பதின்மூன்று ஆண்டில் விளைகிற ஒருவரை வைத்தே எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்பது எந்த நாட்டிலும் நடக்கவில்லை.

இ.பி. லேப் எனப்படும் அறைக்குள் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும். மருத்துவர் நோயாளியின் தொடைப் பக்கம் நின்று கத்தீட்டரை நகர்த்துகிறார். சற்றுத் தள்ளி, திரைகளுக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதயத்தின் உட்சுவரிலிருந்து வரும் சமிக்ஞைகளை, ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கிய அளவில் அளந்து சொல்கிறவர் அவர். இதயத்தை எந்த வேகத்தில் தூண்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்ல, அவர் தூண்டுகிறார். வேகத் துடிப்பு தொடங்கியதும் அதன் பாதையைக் கணினியில் முப்பரிமாண வரைபடமாக்குகிறவர் இன்னொருவர். செவிலியர் மயக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார், மின்னதிர்வு தரும் டிஃபிப்ரிலேட்டரைத் தயாராக வைத்திருக்கிறார். திரையைப் பார்ப்பவர் ஒரு சமிக்ஞையைத் தவறாக வாசித்தால், ஆரோக்கியமான மின்பாதையே கருகி, நோயாளி வாழ்நாள் முழுதும் பேஸ்மேக்கரோடு இருக்க நேரிடலாம். அந்த நாற்காலியில் மருத்துவர் உட்காருவதில்லை. அதில் உட்காருகிறவருக்கு மருத்துவருக்குச் சமமான கவனமும் தனியான பயிற்சியும் வேண்டும்.

பிரிட்டனில்: எட்டாவது அத்தியாயம்

மருத்துவர் அல்லாத இந்த நிபுணர்களை ஒரு நாடு எப்படி வளர்த்தெடுத்தது என்று பார்க்க பிரிட்டன் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பேஸ்மேக்கர் வந்த நாளிலிருந்தே மருத்துவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருந்திருக்கிறார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் ஆப்ரி லெதம் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து கருவியை உருவாக்கியவர் ஜெஃப்ரி டேவிஸ் என்ற தொழில்நுட்பர். பர்மிங்காமில் 1960இல் லியோன் ஆப்ரம்ஸ் என்ற அறுவை மருத்துவரோடு நின்றவர் ரே லைட்வுட் என்ற பொறியாளர்.

ஆனால் மருத்துவமனை வரிசையில் இந்த மனிதர்களுக்கு அன்று கிடைத்த இடம் சிறியது. வார்டு வார்டாக வண்டி தள்ளிப்போய் ஈ.சி.ஜி. எடுத்து, காகிதத்தைக் கிழித்து மருத்துவரிடம் கொடுக்கும் டெக்னீஷியன். கோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாலும் சொல்லும் உரிமை கிடையாது. வேலையிலேயே பழகிக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். மெல்ல மெல்லப் பட்டப்படிப்பு வந்தது, முதுகலைப் பயிற்சி வந்தது, பேஸ்மேக்கருக்கும் இ.பி. சோதனைக்கும் தனித்தனிச் சான்றுத் தேர்வு வந்தது. டெக்னீஷியன் ‘கார்டியாக் பிசியாலஜிஸ்ட்’ ஆனார். இன்று அங்கே பேஸ்மேக்கர் கிளினிக்கை நடத்துபவர் பெரும்பாலும் இவர்தான். கருவியைச் சோதிப்பதும், அளவுகளை மாற்றுவதும், அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவதும் அவரே. சிக்கல் இருந்தால் மட்டும் மருத்துவரை அழைப்பார்.

செவிலியர் பக்கம் திருப்பம் வந்தது 2005இல். இங்கிலாந்து அரசு இதய நோய்களுக்கான தேசியச் சேவை வரைமுறையை 2000ஆம் ஆண்டு வெளியிட்டபோது அதில் ஏழு அத்தியாயங்கள் இருந்தன. மாரடைப்புக்கு இடம் இருந்தது, இதயச் செயலிழப்புக்கு இடம் இருந்தது. துடிப்புக் கோளாறுகளுக்குத் தனி அத்தியாயம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று வந்து, ‘மனப் பதற்றம்தான், ஓய்வெடுங்கள்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த நாட்டில் ஏராளம். விளையாட்டு மைதானத்தில் மகன் சரிந்து விழுந்து இறந்ததன் காரணம் தெரியாமலேயே இருந்த பெற்றோரும் இருந்தார்கள். நோயாளிகளும் அப்படிப்பட்ட குடும்பங்களும் திரண்டு குரல் கொடுத்தார்கள். 2004இல் அரித்மியா (துடிப்புக் கோளாறு) அலையன்ஸ் என்ற அமைப்பு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அன்றைய பிரதமர் டோனி பிளேர் வேகத் துடிப்புக்காக லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கத்தீட்டர் சிகிச்சை செய்துகொண்டார். 2005 மார்ச்சில் எட்டாவது அத்தியாயம் சேர்க்கப்பட்டது. துடிப்புக் கோளாறும் திடீர் இதய மரணமும் அதன் பொருள்.

அந்த அத்தியாயத்தோடு புதிதாக வளர்ந்த பதவிதான் அரித்மியா செவிலியர். தொடக்கத்தில் பல இடங்களில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் சம்பளப் பணம் தந்து இவர்களை நிறுத்தியது. இன்று இவர்கள் செய்யும் வேலையின் அகலம் வியப்பானது. தனி கிளினிக் நடத்துகிறார்கள். ரத்தம் உறையாத மாத்திரை யாருக்கு வேண்டும் என்று கணக்கிட்டு, நோயாளியோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். முறை தவறிய துடிப்பை மின்னதிர்வால் சீராக்கும் கார்டியோவெர்ஷன் சிகிச்சையைப் பல மருத்துவமனைகளில் இவர்களே நடத்துகிறார்கள். முன்பு இதற்கு இளநிலை மருத்துவரும் மயக்க மருத்துவரும் கட்டிலும் ஒரே நாளில் அமைய வேண்டும். அமையாமல் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். இப்போது காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் வேலை அது. மயக்கத்தின் காரணம் அறிய மார்புத் தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டரை முன்பு கத்தீட்டர் சிகிச்சை அறையான கேத் லேபில் மருத்துவர் பொருத்தினார். கருவி விரல் கணு அளவுக்குச் சிறுத்துவிட்ட பின், பயிற்சி பெற்ற செவிலியரும் பிசியாலஜிஸ்டும் சிறு அறையிலேயே பொருத்துகிறார்கள்.

இவர்கள் செய்கிற இரண்டு வேலைகள் எந்தக் கணக்கேட்டிலும் சரியாக ஏறாதவை. பரம்பரையாக வரும் துடிப்புக் கோளாறால் ஒருவர் இறந்தபின், அவருடைய அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாரையும் தேடி அழைத்துச் சோதனைக்குக் கொண்டுவருவது ஒன்று. துக்க வீட்டாரிடம் ‘நீங்களும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று சொல்வதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். உயிர்காக்க மின்னதிர்வு தரும் ஐ.சி.டி. கருவி உள்ளவர் வேறு நோயால் இறுதிக் கட்டத்தில் இருக்கும்போது, அவரோடும் குடும்பத்தோடும் பேசி, கருவியின் அதிர்வு வசதியை நிறுத்தி வைப்பது இன்னொன்று. இது பேசப்படாமல் போனால், சாகும் தறுவாயில் கருவி அவரை அதிரவைத்துக்கொண்டே இருக்கும். இத்தகைய பேச்சுக்கு நேரமும் பழக்கமும் உள்ளவர் ஒருவர் வேண்டும். ஒரு நாளில் நாற்பது பேரைப் பார்க்கும் மருத்துவரால் அது முடியாது.

மலிவு மாற்று என்ற சந்தேகம்

மருத்துவர் இல்லாத குறையை மறைக்கத்தான் செவிலியரை உட்கார வைக்கிறார்கள் என்ற சந்தேகம் எங்கும் உண்டு. அது நியாயமான சந்தேகம். அதற்கு நல்ல பதில் நெதர்லாந்திலிருந்து வந்தது. மாஸ்திரிக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 712 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரை வழக்கம்போல் இதய மருத்துவர் பார்த்தார். மற்றப் பிரிவினரைப் பயிற்சி பெற்ற செவிலியர், நெறிமுறைகளை நினைவூட்டும் மென்பொருளின் துணையோடும் மருத்துவரின் மேற்பார்வையிலும் பார்த்தார். 2012இல் வெளியான முடிவு இது: இதயக் காரணத்தால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் மருத்துவர் பார்த்த பிரிவில் 20.8 விழுக்காடு, செவிலியர் பார்த்த பிரிவில் 14.3 விழுக்காடு. இதயக் காரண மரணம் மட்டும் 3.9இலிருந்து 1.1 ஆகக் குறைந்திருந்தது. செவிலியர் விடுபடாமல் கேட்டார், நேரம் எடுத்து விளக்கினார், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று தொடர்ந்து பார்த்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எளிது. அதே நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் 1,300க்கும் மேற்பட்டவர்களை வைத்து ‘ரேஸ் 4’ என்ற பெரிய ஆய்வு பின்னர் நடந்தது. மொத்தமாகப் பார்த்தபோது செவிலியர் பிரிவுக்கும் வழக்கமான பிரிவுக்கும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விவரம் புரிந்தது. செவிலியர் கிளினிக்கில் ஏற்கெனவே அனுபவம் உள்ள மருத்துவமனைகளில் பலன் தெளிவாக இருந்தது. புதிதாகத் தொடங்கியவற்றில் அது தென்படவில்லை. ஆட்பலத்தைப் பெருக்க விரும்பும் எந்த அரசும் கவனிக்க வேண்டிய செய்தி இது. பதவியை உருவாக்கி ஆளை அமர்த்துவதோடு காரியம் ஆகிவிடாது. அந்த ஆள் அந்த இருக்கையில் பழகித் தேற வேண்டும், அவருக்குப் பின்னால் நிற்கும் மருத்துவரும் அவரை நம்பப் பழக வேண்டும். ஆண்டுக்கொரு முறை வார்டு மாற்றிச் செவிலியரைச் சுழற்றும் மருத்துவமனையில் இது விளையாது.

கடிகாரம் மணி அடித்த பிறகு

கருவிகள் அதற்குள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆப்பிள் நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடிகாரத்தோடு கலந்துகொண்டார்கள். ‘உங்கள் துடிப்பு ஒழுங்காக இல்லை’ என்ற எச்சரிக்கை அவர்களில் 0.52 விழுக்காட்டினருக்கு வந்தது. சிறு எண்போலத் தெரியும் அது இரண்டாயிரம் பேருக்கு மேல். அவர்கள் ஒவ்வொருவரும் யாரிடமாவது போய்க் கேட்க வேண்டும். கேட்கப்படுபவருக்கு உண்மையான கோளாறையும் பொய் எச்சரிக்கையையும் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கரும் ஐ.சி.டி.யும் இப்போது இரவில் நோயாளி தூங்கும்போது படுக்கையருகே உள்ள பெட்டி வழியாகவோ கைபேசி வழியாகவோ மருத்துவமனைக்குத் தகவல் அனுப்புகின்றன. கொரோனா காலத்தில் இது வேகமாகப் பரவியது. நோயாளிக்கு அலைச்சல் மிச்சம், ஆபத்தும் முன்கூட்டியே தெரியும். ஆனால் ஒவ்வொரு தகவலையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். உலகின் நான்கு முதன்மைத் துடிப்பியல் சங்கங்கள் 2023இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, இப்படித் தொலைவிலிருந்து கண்காணிக்கப்படும் ஆயிரம் நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று முழுநேரப் பணியாளர் வேண்டும் என்கிறது. பத்தாயிரம் பேரைக் கண்காணிக்கும் மருத்துவமனைக்கு முப்பது பேர். இருபது ஆண்டுகளுக்கு முன் இல்லாத பணியிடங்கள் இவை. ஆள் போடாமல் கருவியை மட்டும் இணைத்தால், நள்ளிரவில் வந்த எச்சரிக்கை யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். அப்படிப்பட்ட கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாததைவிட ஆபத்தானது. ‘யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற நம்பிக்கையில் நோயாளி சும்மா இருந்துவிடுவார்.

நம் ஊரில்

இந்தியாவில் கருவிகளுக்குப் பெரிய குறை இல்லை. பெருநகர மருத்துவமனைகளில் முப்பரிமாண வரைபட வசதியுள்ள இ.பி. லேப்கள் இருக்கின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மருத்துவர்களுக்கு இதற்கான மேற்பயிற்சியும் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைகளுக்கும் பேஸ்மேக்கர் கிடைக்கிறது. நமக்குக் குறை, மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்க வேண்டியவர்களில்தான்.

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட ஒருவர் இங்கே சோதனைக்குப் போனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கருவியைத் தயாரித்த கம்பெனியின் பிரதிநிதி பேஸ்மேக்கரோடு பேசும் ‘புரோகிராமர்’ என்ற சாதனத்தை எடுத்துக்கொண்டு வருகிறார். அவர்தான் சோதித்து எண்களைச் சொல்கிறார். திறமையானவர்கள் அவர்கள், பல உயிர்களைக் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குச் சம்பளம் தருவது விற்பவர். நோயாளியின் பொருட்டு மட்டுமே பேசுகிற, மருத்துவமனையே நியமித்த பிசியாலஜிஸ்ட் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் இல்லை.

நம் நோயாளிகளும் வேறு மாதிரியானவர்கள். மேலை நாடுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் முதியவர்களின் நோய். இங்கே குழந்தைப் பருவத்தில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே துடிப்பு தவறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரை இவர்களுக்கு உதவுமா என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022இல் முடிவைச் சொன்னது. வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரையே உயிர்களைக் கூடுதலாகக் காத்தது. ஆகவே நம் பெண்கள் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டு, ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அலைந்துகொண்டுதான் இருக்க வேண்டும். எண் ஏறினால் ரத்தக் கசிவு, இறங்கினால் பக்கவாதம். கீரையை ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு அடுத்த வாரம் நிறுத்தினாலும், நாட்டு மருந்து ஏதாவது சேர்த்தாலும் எண் மாறும். கர்ப்பம் தரித்தால் மாத்திரையையே மாற்ற வேண்டியிருக்கலாம். இதையெல்லாம் ஒரு பெண்ணுக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லவும், அடுத்த பரிசோதனைக்கு அவர் வராவிட்டால் போன் போட்டுக் கேட்கவும் தனிப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருந்தால் எத்தனை பக்கவாதங்கள் தடுக்கப்படும்!

கிராமத்து மட்டத்திலும் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் கிராம சுகாதாரப் பணியாளர்கள் கைபேசியோடு இணையும் சிறு ஈ.சி.ஜி. கருவியைக் கொண்டு 354 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும்போது அரை நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்த்து, ஒழுங்கு தவறியிருந்தால் குறித்துக்கொள்ளப் பழக்கலாம். நாடி பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் குறித்தால் மட்டும் போதாது. அடுத்து ஈ.சி.ஜி. எடுக்க ஓர் ஆள், அதை வாசிக்க ஓர் ஆள், மாத்திரையைத் தொடங்க ஓர் ஆள் என்று சங்கிலி முழுதும் இருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்தத் தன்னார்வலரின் உழைப்பு வீண்.

எங்கிருந்து வருவார்கள்?

ஆள் தேவையைச் சமாளிக்க வளர்ந்த நாடுகள் கண்டுகொண்ட குறுக்கு வழி ஒன்று உண்டு. பிரிட்டனின் செவிலியர் பதிவேட்டில் அண்மை ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டுச் செவிலியரில் இந்தியாவில் படித்தவர்களே மிக அதிகம். அவர்கள் அங்கே மதிப்போடு வாழ்வது மகிழ்ச்சிதான். போகிறவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு நாட்டின் வார்டைக் காலி செய்து இன்னொரு நாட்டின் கிளினிக்கை நிரப்பினால் உலகில் ஒரு நிபுணர்கூடக் கூடுவதில்லை. அவர்கள் இங்கேயே இருக்க வேண்டுமானால் அவர்களுக்கு இங்கே என்ன காத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பதினைந்து ஆண்டு இதய வார்டில் தேறிய செவிலியருக்கு நாம் தரும் அடுத்த படி பெரும்பாலும் மேற்பார்வைப் பதவி. நோயாளியைப் பார்க்கும் கையிலிருந்து அவரைப் பதிவேட்டுக்கு மாற்றுகிறோம். சிகிச்சையில் உயர்ந்துகொண்டே போகும் படிவரிசை நம்மிடம் இல்லை.

சட்ட அளவில் ஒரு நல்ல தொடக்கம் நடந்திருக்கிறது. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இதயத் தொழில்நுட்பரையும் ஈ.சி.ஜி., எக்கோ தொழில்நுட்பர்களையும் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. அவர்களுக்குப் பதிவேடு உண்டு, படிப்புக்குத் தரம் உண்டு. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி படித்துவிட்டு ஆண்டுதோறும் இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு நிலையான பணியிடம் காத்திருக்கிறது, பேஸ்மேக்கர் சோதனையிலும் இ.பி.யிலும் மேற்பயிற்சி எங்கே கிடைக்கும், தேர்ச்சி பெற்றால் சம்பளம் எவ்வளவு கூடும்? இந்த மூன்று கேள்விக்கும் விடை இருந்தால்தான் சட்டம் மருத்துவமனைக்குள் நடமாடும்.

ஆகவே புதிய கேத் லேப் ஒன்று திறக்கப்படும் செய்தியைப் படிக்கும்போது, அதன் விலை எத்தனை கோடி என்பதோடு நாம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. அதை இயக்க எத்தனை நிரந்தரப் பணியிடங்கள் ஒப்புதலாகியிருக்கின்றன? அங்கே சிகிச்சை பெற்றுப் போகிறவர்களைப் பத்தாண்டு கவனிக்கப்போகிறவர் யார்? அவருக்கு யார் பயிற்சி தருகிறார்கள்? இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் மாணவி துடிப்பியல் தொழில்நுட்பராகத் தேற ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும், இ.பி. மருத்துவராகப் பதின்மூன்றுக்கு மேல். 2040ஆம் ஆண்டின் நோயாளிகளைப் பார்க்கப்போகிறவர்கள் இப்போது பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சி இடங்களையும் பணியிடங்களையும் இந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கத் தொடங்க வேண்டும்.